காசல்ரீயில் ஒரு காப்பி மெசின்

மலைநாட்டுச் சரித்திரத்துக்கு ஒரே ஒரு விதிதான். கீழே போகவேண்டியது தானாகப் போகும்; மேலே வரவேண்டியதை எவனாவது தூக்கிக்கொண்டு வரவேண்டும். தேயிலை கொழும்புக்கு இறங்கிற்று. தண்ணீர் களனி கங்கைக்கு இறங்கிற்று. மின்சாரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிற்று. ஏறி வந்தவை என்று பார்த்தால் துரைமார், துரைசாணிமாரின் பியானோ, அரிசி மூட்டை, மூட்டைக்கு அடியில் நாம். இந்த வரிசையில் ஆகக் கடைசியாக ஏறியது, போட்டின் பின்பக்கத்தில் மாட்டிக் கயிற்றை இழுத்துக் கிளப்புகிற அந்த மோட்டார். அரசாங்கத் தமிழில் அதற்கு வெளியிணைப்பு இயந்திரம் என்று பெயர். ஊர்த் தமிழில், கிளம்புகிற நாளில் எஞ்சின். கிளம்பாத நாளில் அதற்கு வைக்கும் பெயர்களை அச்சில் ஏற்ற முடியாது.

கடலே கண்ணில் படாத ஊருக்கு இந்தச் சாமான் எப்படி வந்தது என்று முறைப்படி சொல்வதானால், சாமுவேல் பேக்கர் துரையிடமிருந்து தொடங்கவேண்டும். அவரிடம் மோட்டார் இல்லை. ஆனால் ‘மலைக்கு வாகனம் கொண்டுவருதல்’ என்ற கலையில் இந்தப் பக்கத்தில் பேர்போன முதல் தோல்வி அவருடையதுதான்.

காய்ச்சலில் விழுந்து, நுவரெலியாக் குளிரில் இரண்டு கிழமை கிடந்து தேறிய மனிதர் அவர். நாமாக இருந்தால் நேர்த்திக்கடன் வைத்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருப்போம். அவர் இங்கேயே ஒரு குட்டி இங்கிலாந்தைக் கட்டிவிடுவது என்று தீர்மானித்தார். 1848இல் கொல்லன், குதிரைக்காரன், சீமைப் பசு, செம்மறி, வேட்டை நாய்கள், ஒரு குதிரை வண்டி என்று ஒரு கப்பல் சாமானோடு வந்து இறங்கினார். வண்டியை மலைக்குக் கொண்டுவரும் பொறுப்பு குதிரைக்காரனுடையது. இறம்பொடைக் கணவாயில் வண்டி பள்ளத்துக்குப் போயிற்று. அதை மீட்டு வர ஒரு யானையை அனுப்பினார்கள். குதிரைக்காரனுக்கு யானையும் குதிரையும் ஒன்றுதான். மேட்டில் அதை ஓட ஓட விரட்டினான். யானையும் போய்ச் சேர்ந்தது. இவ்வளவையும் பேக்கரே தன் புத்தகத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மலைக்கு ஒரு வண்டி கொண்டுவந்த கணக்கில் வரவு பூச்சியம், செலவு ஒரு வண்டி, ஒரு யானை.

ஆனாலும் மனிதர் சளைக்கவில்லை. இருபது சொச்சம் வருடங்கள் கழித்து எகிப்து மன்னரின் காசில் நைல் நதிக்குப் படையெடுத்தபோது, நீராவிப் படகுகளைத் துண்டு துண்டாக ஒட்டகத்தில் ஏற்றி நூபியப் பாலைவனத்தைக் கடக்க வைத்தார்கள். முழுசாகக் கொண்டுபோனால் பள்ளம், கழற்றிக் கொண்டுபோனால் பயணம் என்ற ஞானத்தை அவருக்கு இறம்பொடைதான் கொடுத்திருக்கவேண்டும். கற்பித்த சம்பளத்தை இறம்பொடைக்கு யாரும் கொடுக்கவில்லை.

படகு விடத் தண்ணீர் வேண்டுமே. அதற்கு வந்தவர் சேர் வில்லியம் கிரகரி, 1872இலிருந்து இலங்கையின் ஆளுநர். இவருடைய முற்பிறப்பைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். 1847இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிச் சனம் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது, பாராளுமன்றத்தில் இவர் ஒரு வாசகத்தைச் சட்டத்தில் செருகினார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கிற குடியானவனுக்கு நிவாரணம் கிடையாது. கஞ்சி வேண்டுமானால் நிலத்தை விடு. கால் ஏக்கர் என்றால் 40 பேர்ச். பட்டினி கிடக்கிறவனிடம் 40 பேர்ச் இருப்பது அதிகம் என்று கண்டுபிடித்த மூளை அது. இன்றைக்கும் தோட்டத்தில் 7 பேர்ச் காணிக்கும் அதன் உறுதிக்கும் மனுக்கொடுத்துக்கொண்டு நிற்கிறோம். அந்த நாளில் அவர் நம்மைப் பார்த்திருந்தால் தன் சட்டத்துக்கு எவ்வளவு பொருத்தமான ஆட்கள் என்று பூரித்துப்போயிருப்பார்.

அப்படிப்பட்டவர் நுவரெலியாச் சதுப்பைப் பார்த்தார். 1873இல் தலகல ஓயாவை மறித்தார், குளம் நிரம்பியது, அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1881இல் அதில் சீமை மீன் விட்டார்கள். பிறகு 1913 வாக்கில் அதே தண்ணீரைக் குழாயில் இறக்கி, பிளாக்பூல் என்ற இடத்தில் மின்சாரம் எடுத்து நுவரெலியா நகரத்துக்கு வெளிச்சம் கொடுத்தார்கள். மேட்டில் தேங்கும் தண்ணீர் கீழே விழும்போது காசு தரும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. மீதிக் கதை அதன் வட்டியும் முதலும்தான்.

இதற்குள் மலையில் காப்பி செத்துவிட்டது. 1869இல் இலையில் துரு மாதிரி ஒரு பூஞ்சணம் வந்து, இருபது வருடத்துக்குள் தோட்டங்களைத் துடைத்தெறிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் போட்ட தேயிலை ஊரெல்லாம் பரவியது. காப்பி மெசின்களெல்லாம் பழைய இரும்பாயின. ஆனால் காப்பி மெசின் மலைக்குத் திரும்பி வரவேண்டும் என்று விதி இருந்திருக்கிறது. அதற்காக அது அமெரிக்காவில் மறுபிறவி எடுத்தது.

அங்கே விஸ்கான்சினில் ஓலே எவின்ரூட் என்று ஒரு நோர்வேக்காரர். 1906 வாக்கில் ஒரு கொதிக்கிற கோடை நாளில் காதலி பெஸ்ஸோடு ஏரித்தீவில் பொழுது போக்கிக்கொண்டிருந்தார். பெஸ்ஸுக்கு ஐஸ்கிரீம் ஆசை வந்தது. ஓலே இரண்டரை மைல் துடுப்புப் போட்டுக் கரைக்குப் போனார், வாங்கினார், திரும்பி வந்தார். வந்து சேர்ந்தது பால். உலகத்தில் இதற்கு முன்னும் எத்தனையோ பேர் காதலிக்கு வாங்கிய ஐஸ்கிரீம் உருகியிருக்கும். பெரும்பாலானவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். இவர் மோட்டார் செய்யப் போனார். 1909இல் சாமான் தயார்: ஒன்றரைக் குதிரைவலு, எடை 62 றாத்தல், விலை 62 டொலர். றாத்தலுக்கு ஒரு டொலர். நம் கொழுந்துத் தராசைத் தவிர வேறெங்கும் இவ்வளவு கறாரான றாத்தல் கணக்கைக் காண முடியாது. முதன்முதலில் அதைப் பார்த்த பெஸ், காப்பி அரைக்கிற மெசின் மாதிரி இருக்கிறது என்று சொன்னதாகக் கதை. அந்த அம்மாள்தான் பிறகு கடிதமும் விளம்பரமும் எழுதி அதை உலகமெல்லாம் விற்றவர்.

நியாயமாகப் பார்த்தால் ஓலே முதல் ஆள் இல்லை. 1881இலேயே பாரிசில் குஸ்தாவ் த்ரூவே என்பவர் சேன் நதியில் மின்சார மோட்டாரைப் படகில் மாட்டி ஓட்டிக் காட்டினார். 1905இல் கமரன் வாட்டர்மன் டெட்ராய்ட் ஆற்றில் பெற்றோல் மோட்டாரை இறக்கினார். ஆனால் அவர்களுடைய கதையில் ஐஸ்கிரீம் இல்லை. ஆகவே சரித்திரம் அவர்களைப் பின்பந்தியில் உட்காரவைத்தது. இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். ஓலேயும் பெஸ்ஸும் நுவரெலியாவில் காதலித்திருந்தால் இந்த மோட்டாரே பிறந்திருக்காது. கிரகரி வாவிப் பக்கம் சராசரி வெப்பம் சுமார் 16 பாகை. ஐஸ்கிரீம் உருகுவதற்குள் கல்யாணமே முடிந்திருக்கும்.

அடுத்து, தண்ணீரைப் பெருக்கிய கதை. டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இல், மலை ஆறுகளை மறித்தால் நாட்டுக்கே மின்சாரம் தரலாம் என்று கணக்கோடு எழுதிப் படித்தார். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. லக்சபான மின்நிலையம் திறக்க 1950 ஆயிற்று, 32 வருடம். நம் அலுவலகங்களில் கோப்பு நகர்வது மெதுவென்று குறைப்படுகிறவர்கள் இது சுதேசிக் கண்டுபிடிப்பில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பிறகு 1965இல் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ நீர்த்தேக்கம். அதன் மின்நிலையத்துக்கு விமலசுரேந்திர பெயரையே வைத்தார்கள். மனிதர் செத்து 12 வருடமாகிவிட்டதால் அவரிடமிருந்து மறுப்பேதும் வரவில்லை. அந்தப் பத்தாண்டின் கடைசியில் மஸ்கெலி ஓயாவை மறித்து மவுசாகலை. அதில் பழைய மஸ்கெலியா நகரம் முழுசாக உள்ளே போயிற்று. இன்றைக்கும் நல்ல வறட்சியில் தண்ணீர் வற்றினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தலைகாட்டும். சனம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து வரும்.

அணையைக் கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1964 ஒக்டோபரில், கொழும்பும் டில்லியும் சேர்ந்து நம்மைக் கழற்றிப் பூட்டின. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிற புதுக் கை எவனுக்கும் கடைசியில் நாலைந்து நட்டு மிஞ்சும். ‘பிறகு பார்ப்போம்’ என்று பால்மா டின்னில் போட்டு வைப்பான். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அப்படி மிஞ்சியது 150,000 பேர். டின்னை மறுபடி திறந்தது 1974இல். ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள்.

இப்படியாக, நமக்கு நாடு இருக்கிறதா என்று தெரியாத வேளையில் ஏரி கிடைத்தது. ஏரியிலிருந்து வந்த மின்சாரமோ லயத்துக் காம்பராவுக்கு மேலே கம்பியில் போய்க்கொண்டிருந்தது. பல தோட்டங்களில் அது லயத்துக்குள் இறங்க இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. அதுவரை குப்பிலாம்பு, மண்ணெண்ணெய், மூக்கில் கரி. அணைக்கட்டு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்கள் என்ற பெருமை உலகத்தில் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

மோட்டார் மலையேறியது இதற்கப்புறம்தான். 1960இல் யமஹா தன் முதல் போட்டு மோட்டாரை வெளியிட்டது. ஆசியக் கரையெங்கும் மீனவர்கள் யப்பான் எஞ்சினுக்கு மாறினார்கள். அவர்களுக்குப் பெற்றோல் கட்டுப்படியாகாது. ஆகவே மண்ணெண்ணெயில் ஓடுகிற வகையும் வந்தது. கடலில் வருடக்கணக்காக உழைத்து, உப்பில் ஊறி, அலுமினியமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்து, கரையில் எவரும் சீண்டாத நிலைக்கு வந்த எஞ்சின் எங்கே போகும்? கோவாவும் கரட்டும் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் மரக்கறி லொறியில் ஏறி மலைக்கு வரும். விதி மாறவே இல்லை: புதுசு இறங்கும், பழசு ஏறும்.

இப்போது அந்த எஞ்சின் காசல்ரீக் கரையில், நோர்வூட் பக்கத்து இளைஞன் ஒருவன் முன்னால் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கரைக்கு ஆளேற்ற அவனுக்கு ஒரு போட்டு வேண்டும். கடலைப் பாடப்புத்தகத்தில் பார்த்தவன். எல்லாப் புதுக் கைகளும் செய்வதைத்தான் அவனும் முதலில் செய்வான்: கயிற்றை இழுப்பான். தோள்மூட்டு கழன்ற பிறகு கரையோரத்து மெக்கானிக்குக்கு ஃபோன் போடுவான்.

“பாஸ் அண்ணே, காலையிலருந்து இழுக்கிறேன். இருமுது, பத்தமாட்டேங்குது.”

“தம்பி, டாங்கில என்ன கெடக்கு?”

“பழைய எண்ணெய் கொஞ்சம் இருக்குண்ணே.”

“மோந்து பாரு.”

“வார்னிஷ் மணக்குது.”

“அப்ப அது வார்னிஷ்தான். கதவுக்குப் பூசு. எஞ்சினுக்குப் புது எண்ணெய் ஊத்து.”

பாதி வைத்தியம் இதிலேயே முடிந்தது. நாட்பட்ட பெற்றோல் பிசினாகி, காபரேட்டருக்குள் ஊசித்துளை அளவுள்ள ஜெட்டுகளை அடைத்துவிடும். கழற்றி, அதற்கான கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து ஊதவேண்டும். துளை தெரியவில்லை என்று கவ்வாத்துக் கத்தி நுனியால் குடைந்தால் துளை பெரிதாகும். எஞ்சின் எண்ணெயை மொந்தையில் குடிக்கப் பழகிவிடும். புது எண்ணெயையும் தனியாக ஊற்றக்கூடாது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மசகெண்ணெய் பெற்றோலிலேயே கலந்து போகவேண்டும். பலவற்றுக்கு 50க்கு 1, அதாவது 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர். இன்னும் கிழடான மாடல்களுக்கு 25க்கு 1. எது என்பது அதனதன் புத்தகத்தில் இருக்கும். புத்தகம் எந்தக் காலத்திலும் எஞ்சினோடு மலையேறி வந்ததில்லை என்பதால் பாஸைத்தான் கேட்கவேண்டும்.

அடுத்தது பிளக்கு. கழற்றி, வயரோடு சேர்த்து எஞ்சின் உடம்பில் ஒட்டிப் பிடித்துக் கயிற்றை இழுத்தால் நீலப் பொறி பாயவேண்டும். பக்கத்தில் எண்ணெய்ச் சட்டி இருக்கக்கூடாது. இருந்தால் நீலத்துக்குப் பிறகு சிவப்பும் பாயும். பொறியே இல்லையென்றால் பறக்கும் சக்கரத்துக்கு அடியில் கொயில், பொயின்ட் என்று தேடவேண்டும். அதற்கு முன் அவசரப் பூட்டுக் கயிற்றின் சாவி தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அது இல்லாவிட்டால் ஜேம்ஸ் டெய்லரே வந்து இழுத்தாலும் கிளம்பாது.

மூன்றாவது, தண்ணீர்ப் பம்பு. இந்த எஞ்சின் தன்னைக் குளிரவைக்கத் தண்ணீரைக் கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சுவது ஒரு ரப்பர் சக்கரம். வருடக்கணக்காகக் காய்ந்து கிடந்தால் அதன் இதழ்கள் விறைத்து ஒடிந்துவிடும். தண்ணீரில்லாமல் எஞ்சினை ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே அது கருகிப்போகும். ஆகவே முதல் ஓட்டம் ஏரியில் வேண்டாம். பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதில் இறக்கி ஓட்டுவதுதான் முறை. கிளம்பியதும் எல்லாரும் பார்க்கவேண்டியது ஒரே இடத்தை: பின்பக்கச் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா? ஒன்றுக்குப் போனால் எஞ்சினுக்கு ஆயுசு. போகாவிட்டால் உடனே அணை. பெரியவர்களுக்கும் மருத்துவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

பீப்பாயைச் சுற்றி இதற்குள் ஒரு பெரட்டே கூடியிருக்கும். ஸ்டோரில் ரஸ்டன் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் நிச்சயம் இருப்பார். “எங்க காலத்து எஞ்சின் லயத்தை விடப் பெரிசுடா, இது என்ன கத்தரிக்காய்” என்பார். கயிறு இழுபடும், சோக்கு கொஞ்சம் தள்ளப்படும், எஞ்சின் பிடிக்கும். நீலப் புகை லயம் முழுக்கப் பரவும். டெங்குக்குப் புகையடிக்க வந்துவிட்டார்கள் என்று பின்வரிசை வீடுகளில் சட்டிபானையை மூடுவார்கள்.

கிளம்பிவிட்டது, ஆனால் சண்டித்தனம் போகவில்லை. கடற்கரையில் 15 குதிரையாக இருந்தது இங்கே வந்து சவலைக் குதிரையாக நிற்கும். குற்றம் எஞ்சினுடையதில்லை, காற்றினுடையது. சுமார் 300 மீற்றர் ஏறினால் எஞ்சின் வலு 3 வீதம் போலக் குறையும். காசல்ரீ கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீற்றர். 15இல் ஒன்றரைக் குதிரை கணவாயிலேயே தங்கிவிடும், அதாவது ஓலேயின் முதல் மோட்டார் அளவுக்கு. கிரகரி வாவிக்கு ஏற்றினால் மூன்று குதிரை காணாமற்போகும். காற்று மெலிந்த இடத்தில் கடலோர ஜெட் எண்ணெயை அள்ளி ஊற்றும், பிளக்கு கறுக்கும். சின்ன ஜெட் போட்டால் புகை தணியும். போன வலு திரும்பாது. இங்கிலாந்திலிருந்து வந்த துரைமாருக்குக் குளிர்காற்று பட்டதும் வலு கூடியது. யப்பானிலிருந்து வந்த எஞ்சினுக்குக் குறைகிறது. ஏறி வந்தவற்றில் வலு குறைந்ததை ஒத்துக்கொண்டது இது ஒன்றுதான்.

கடைசி வித்தை மண்ணெண்ணெய். பெற்றோலில் கிளப்பிச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெற்றோலுக்கு வரவேண்டும். இல்லாவிட்டால் காபரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் காலை பள்ளிக்கூடப் பிள்ளைகள் போட்டுக்குள் உட்கார்ந்திருக்க, கயிறு இழுக்கிறவன் வேர்த்து நிற்பான். 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. கடலில் மீனவனும் மலையில் தோட்டத்தானும் ஒரே நாளில் ஒரே கெட்ட வார்த்தையைச் சொன்ன தேசிய ஒருமைப்பாட்டு நாள் அது. நாட்டுக்கு மின்சாரம் தரும் தண்ணீரின் மேலே, குப்பிலாம்பு எண்ணெயில் ஒரு போட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அதே தண்ணீரில் கொழும்பிலிருந்து சுற்றுலாக்காரரை ஏற்றிய மிதவை விமானம் வந்து இறங்கியதும் உண்டு. தோட்டத்து பஸ்ஸுக்கு நின்ற சனம் அதையும் பார்த்துவிட்டுத் தொடர்ந்து பஸ்ஸுக்கு நின்றது.

ஓலே எவின்ரூட் பெயரில் மோட்டார் செய்த கம்பனி 2020 மே மாதத்தில் அந்தத் தொழிலையே நிறுத்திவிட்டது. 111 வருடம். தொழில் போனாலும் கிழட்டு மோட்டார்கள் போவதில்லை. எங்கோ ஒரு புதுக் கை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. லைஃப் ஜாக்கெட் போடாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். காசல்ரீ ஆழமானது, நீச்சல் தெரிந்தவனையும் குளிர் இழுக்கும். இரண்டாவது, எஞ்சின் ஓடத் தொடங்கிய நாளில், தூக்கி எறி என்று சொன்ன அத்தனை பேரும் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று வருவார்கள். ரிப்பன் வெட்ட ஒரு தலைவர் வந்தாலும் வருவார். கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர்தான் இருக்கும். கயிறு இழுத்தவன் பெயர் இருக்காது. இந்த மலையில் அதுதான் வழக்கம். அதனால் மூடியைப் பூட்டுவதற்கு முன், அதன் உட்பக்கத்தில் ஆணியால் உங்கள் பெயரைக் கீறி வையுங்கள். சரித்திரம் எழுதுகிறவர் மூடியைக் கழற்றமாட்டார். அடுத்த முறை பழுது பார்க்க வருகிறவன் கழற்றித்தான் ஆகவேண்டும்.